கோர்ட் நியமித்த கார்டியன் பொறுப்பிலிருந்து விலகுவது எப்படி? (வேலூர்)

குடியாத்தத்துக்காரன் கேட்டது:

வணக்கம். என் அண்ணனும் அண்ணியும் இப்போது இல்லை. அவர்கள் மகனுக்கு வயது 13. வேலூர் மாவட்ட நீதிமன்றம் 2019-ல் ஜி.டபிள்யூ.ஓ.பி.யில் (கார்டியன் நியமன மனுவில்) பையனுக்கும் அவன் சொத்துக்கும் என்னைக் கார்டியனாக நியமித்தது. குடியாத்தத்தில் இரண்டு கடை கொண்ட கட்டடம், கே.வி.குப்பம் பக்கம் 1 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை, வங்கியில் ஒரு எஃப்.டி., கொஞ்சம் நகை, இவைதான் அவன் சொத்து. எனக்கு மஸ்கட்டில் வேலை உறுதியாகியிருக்கிறது. ஆரணியில் இருக்கும் என் அக்கா, பையனுக்கு அத்தை, அவனை வைத்துக்கொள்ளத் தயார். 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி வாங்கினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். அது செல்லுமா? செல்லாது என்றால் கோர்ட்டில் என்ன செய்ய வேண்டும்?

சத்துவாச்சாரி வக்கீல்:

செல்லாது சார். உங்களை நியமித்தது கோர்ட். விடுவிப்பதும் கோர்ட்தான். நீங்களும் அக்காவும் எத்தனை பத்திரத்தில் எழுதிக்கொண்டாலும், 1890-ம் வருடத்துக் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டப்படி கார்டியன் நீங்கள்தான். நாளைக்குக் கடை வாடகைக்கோ எஃப்.டி.க்கோ ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அக்காவிடம் இருக்கும் அந்தப் பத்திரத்தை வங்கி வாங்காது, தாலுகா ஆபீஸும் வாங்காது.

விலகுவதற்கு அந்தச் சட்டத்தின் 40-வது பிரிவு இருக்கிறது. கோர்ட் நியமித்த கார்டியன் விலக விரும்பினால் மனுப் போடலாம், போதிய காரணம் இருப்பதாகக் கோர்ட் கண்டால் விடுவிக்க வேண்டும். எது போதிய காரணம் என்று சட்டத்தில் பட்டியல் கிடையாது. முதுமை, நோய், வெளிநாட்டு வேலை, மைனரின் சொத்தில் தனக்கே ஒரு போட்டி உரிமை வந்துவிடுவது என்று ஆதாரத்தோடு காட்டக்கூடிய காரணம் வேண்டும். உங்கள் விஷயத்தில் வேலை நியமனக் கடிதமும் விசா நகலும் போதும். "சொந்தக் காரணங்களால்" என்று ஒரே வரி எழுதினால் நீதிபதி நிச்சயம் கேள்வி கேட்பார்.

மனுப் போடாமல் விமானம் ஏறிவிடாதீர்கள். கோர்ட் எல்லைக்குள் குடியிருப்பதை விட்டுவிடுவது 39-வது பிரிவில் கார்டியனை நீக்குவதற்கே ஒரு காரணம். தானாக விலகுவது ஒன்று, நீக்கப்படுவது வேறொன்று. பதிவேட்டில் நீக்கம் என்று ஏறிவிட்டால், பின்னால் கணக்குத் தகராறு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

எந்தக் கோர்ட்? சொத்து விஷயத்துக்கு, உங்களை நியமித்த கோர்ட்டேதான். பையன் விஷயத்தில் மட்டும், அவன் இப்போது வழக்கமாக வசிக்கும் இடத்து மாவட்டக் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு (பிரிவு 4, உட்பிரிவு 5). அவன் இன்னும் குடியாத்தத்தில்தான் படிக்கிறான் என்றால் இரண்டுக்கும் சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் கோர்ட் வளாகம்தான், குழப்பமில்லை. குடும்ப நல நீதிமன்றத்துக்குச் சட்டம் கொடுத்திருப்பது பிள்ளையின் ஆள் சார்ந்த (அவனை வளர்த்துப் பராமரிக்கும்) கார்டியன்ஷிப், கஸ்டடி போன்றவை. சொத்துக் கார்டியன்ஷிப் மாவட்ட நீதிமன்ற வேலை. உங்கள் உத்தரவு இரண்டையும் சேர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் வாங்கியது என்பதால் அந்த ஜி.டபிள்யூ.ஓ.பி. எண்ணைச் சொல்லி அங்கேயே ஆரம்பியுங்கள்.

முதல் வேலை, 2019 உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு நகல் மனுப் போடுவது. உத்தரவில் என்னென்ன நிபந்தனை இருக்கிறது என்று வரி விடாமல் படியுங்கள்: வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லியிருக்கிறதா, பாண்டு (ஜாமீனோடு கொடுக்கும் உறுதிப் பத்திரம்) கேட்டிருக்கிறதா, ஜாமீன்தாரர் யார், எஃப்.டி.யை யார் உத்தரவில் எடுக்கலாம். விலகல் மனு இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பழைய நிபந்தனைகள்தான். மூன்று வருடக் கணக்கு நிலுவையில் இருக்கும்போது "என்னை விடுவியுங்கள்" என்று கேட்டால், "முதலில் கணக்கு" என்று வாய்தா விழும்.

இன்னொன்று, இதைப் பல பேர் தவறவிடுகிறார்கள். பதவியிலிருந்து விடுவிப்பது ஒரு உத்தரவு (பிரிவு 40). பொறுப்புகளிலிருந்து விடுவித்து அறிவிப்பது இன்னொரு உத்தரவு (பிரிவு 41, உட்பிரிவு 4). முதலாவது கிடைத்தால் நீங்கள் கார்டியன் இல்லை, அவ்வளவுதான். அதுவரை நீங்கள் நடத்தியதற்குக் கேள்வி கேட்கும் உரிமை அப்படியே நிற்கும். கோர்ட் கேட்கும் சொத்தையும் கணக்கையும் ஒப்படைத்த பிறகு, இரண்டாவது உத்தரவை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் பிற்பாடு மோசடி ஏதும் வெளிவந்தால் விலக்கு இல்லை. மனுவின் பரிகாரப் பகுதியில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வேலப்பாடி வாசகர்:

ஒரு சந்தேகம். கோர்ட் கார்டியன் போட்ட பிள்ளைக்கு 21 வயதில்தானே மேஜர்? அப்படியானால் அத்தை இன்னும் 8 வருடம் பார்த்துக்கொள்ள வேண்டுமே. அவருக்கு அது தெரியுமா?

சத்துவாச்சாரி வக்கீல்:

அது பழைய சட்டம். 1875-ன் மெஜாரிட்டி சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 1999-ல் திருத்திவிட்டார்கள். இப்போது கோர்ட் கார்டியன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 18 வயதுதான். அத்தைக்குப் பொறுப்பு இன்னும் 5 வருடம்.

கணக்குப்பிள்ளை, காட்பாடி:

வக்கீல் ஐயா சொன்ன கணக்கைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். விலகல் மனு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

வருடத்துக்கு ஒரு தாள் போடுங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. மேலே ஆரம்ப இருப்பு, பிறகு வரவு, செலவு, கீழே இறுதி இருப்பு. ஒரு வருட இறுதி இருப்பும் அடுத்த வருட ஆரம்ப இருப்பும் பைசா விடாமல் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, கடை ஒன்றுக்கு மாதம் 6,500 வாடகை என்றால் இரண்டு கடைக்கு வருடம் 1,56,000. ஒரு கடை மூன்று மாதம் காலியாக இருந்தால் 19,500 குறையும். "கடை காலி, இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை" என்று அந்த வரியிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அந்த 19,500 உங்கள் பையில் இருப்பதாகத்தான் தோன்றும்.

கடை அட்வான்ஸில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆளுக்கு 50,000 வாங்கியிருந்தால் அந்த 1,00,000 வருமானம் இல்லை, குடித்தனக்காரருக்குத் திருப்ப வேண்டிய கடன். அதை வரவில் காட்டிச் செலவு செய்துவிட்டால், புதுக் கார்டியன் காலத்தில் கடைக்காரர் காலி செய்யும்போது எங்கிருந்து கொடுப்பது? தனித் தலைப்பில் காட்டி, தொகையையும் புதுக் கார்டியனிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் தனியாகப் போடப்பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். "மைனருக்காகக் கார்டியன்" என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

செலவில் பள்ளிக் கட்டணம், மருந்து, சொத்து வரி, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கும். துணிமணி, சாப்பாடு போன்றவற்றுக்கு மாதம் இவ்வளவு என்று கோர்ட் ஏற்கெனவே அனுமதித்திருந்தால் அந்த உத்தரவைச் சொன்னால் போதும். உங்கள் கைக்காசு போட்டிருந்தால் அதைப் பையன் கணக்கில் கலக்காதீர்கள். திரும்பக் கேட்கிறீர்களா, விட்டுக்கொடுக்கிறீர்களா என்பதை அபிடவிட்டில் தெளிவாக எழுதுங்கள். இரண்டுமில்லாமல் விட்டால் பின்னால் குடும்பத்தில் பேச்சாகும்.

எஃப்.டி. வட்டியைப் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் வட்டி காட்டியிருந்தால் உடனே சரிசெய்யுங்கள். மைனரின் வருமானத்தைத் தாய் தகப்பன் வருமானத்தோடு சேர்க்கும் விதி கார்டியனான சித்தப்பாவுக்குப் பொருந்தாது. பையனுக்குத் தனிப் பான் எடுத்து அதில்தான் வர வேண்டும்.

நகையை "சுமார் 5 சவரன்" என்று எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசில் வைத்து கிராமில் எடை போட்டு, போட்டோ எடுத்து, "வளையல் ஒரு ஜோடி, இத்தனை கிராம், ஒன்றில் பூட்டு உடைந்தது" என்கிற அளவுக்கு எழுதுங்கள். கல் வைத்த தோடு என்றால் கல்லோடு இத்தனை கிராம் என்று குறியுங்கள். ஒப்படைக்கும் அன்று மீண்டும் எடை போட்டு, வாங்குகிறவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. பொறுப்பேற்ற காலத்தில் கோர்ட் கேட்டு நீங்கள் சொத்துப் பட்டியல் தாக்கல் செய்திருப்பீர்கள் (34-வது பிரிவில் ஆறு மாதக் கெடு). இப்போதைய பட்டியலை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இருந்து இதில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

கணக்குக் கொடுக்காமல் இருந்தால் 45-வது பிரிவில் அபராதம் 100 ரூபாய், தொடர்ந்தால் நாளுக்கு 10, மொத்தம் 500-க்கு மேல் போகாது. தொகையைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். கணக்கை ஒப்படைப்பதாக உறுதி கொடுக்கும் வரை சிவில் சிறையில் வைக்கவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது.

குடியாத்தத்துக்காரன்:

ரொம்ப நன்றி ஐயா. இரண்டு விஷயம் விட்டுப்போனது. புஞ்சை வரப்புத் தகராறில் பையன் சார்பாக நான் குடியாத்தம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது. மாவட்டக் கோர்ட் என்னை விடுவித்தால் அந்த வழக்கு என்ன ஆகும்? மற்றொன்று, கிளம்புவதற்கு முன் அந்தப் புஞ்சையை விற்று எஃப்.டி.யில் போட்டுவிட்டால் அக்காவுக்குச் சுலபமாக இருக்குமே என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பாலாற்றங்கரை:

விற்பனையைப் பற்றி முதலில். கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, பரிவர்த்தனை செய்யவோ கூடாது. 5 வருடத்துக்கு மேல் குத்தகையும் விட முடியாது. மைனர் மேஜராகி ஒரு வருடம் தாண்டி ஓடும் குத்தகையும் கூடாது. மீறி விற்றால் பையனோ வேறு பாதிக்கப்பட்டவரோ அந்த விற்பனையை ரத்து செய்ய வழக்குப் போடலாம். வாங்கியவரும் சிக்குவார், நீங்களும் சிக்குவீர்கள். அனுமதி கேட்டுப் போனாலும், "விலகப் போகும் கார்டியனுக்கு இப்போது விற்க என்ன அவசியம்" என்பதே முதல் கேள்வியாக வரும். அவசியம் அல்லது பையனுக்குத் தெளிவான ஆதாயம், இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் அனுமதி. பராமரிக்கச் சுலபம் என்பது உங்கள் ஆதாயம், பையனுடையது இல்லை. வழக்கில் இருக்கும் நிலத்துக்கு நல்ல விலையும் வராது. விட்டுவிடுங்கள்.

முன்சீப் கோர்ட் வழக்கு தனி விஷயம். அங்கே நீங்கள் சிவில் நடைமுறைச் சட்டம் 32-வது ஆர்டரின்படி மைனரின் சார்பாளர், வக்கீல்கள் வாயில் நெக்ஸ்ட் ஃபிரெண்டு. மாவட்டக் கோர்ட் உத்தரவு அங்கே தானாக வேலை செய்யாது. அந்த ஆர்டரின் 8-வது விதிப்படி, கோர்ட் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, தகுதியான ஒருவரை உங்கள் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதுவரை ஆன செலவுக்கு ஈடும் கொடுத்த பிறகே விலக முடியும். வருகிறவருக்கு மைனரின் நலனுக்கு எதிரான நலன் எதுவும் இல்லை என்று அபிடவிட் வேண்டும். உங்கள் அக்காவுக்கு அந்தப் புஞ்சையிலோ பக்கத்து நிலத்திலோ பங்கு கேட்கும் உரிமை ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், கட்டாயம் கேட்பார்கள். ஆள் மாற்றாமல் நீங்கள் விலகினால் புது ஆள் வரும் வரை வழக்கு அப்படியே நிறுத்தப்படும். அதற்குள் எதிராளி வரப்பை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டுவிடுவார்.

மாவட்டக் கோர்ட் புதுக் கார்டியனை நியமித்ததும் அதன் சான்றிட்ட நகலோடு முன்சீப் கோர்ட்டில் ஐ.ஏ. (நடக்கும் வழக்குக்குள் போடும் இடைமனு) போடுங்கள். அந்த வரிசையில் போவது நல்லது. கார்டியன் ஒருவர் இருக்கும்போது வேறொருவரைச் சார்பாளராக ஏற்க, கோர்ட் காரணத்தை எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

சத்துவாச்சாரி வக்கீல்:

சரியாகச் சொன்னார். அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விலகுவதால் அக்கா தானாகக் கார்டியன் ஆகிவிட மாட்டார். 42-வது பிரிவில் கோர்ட் தானாகவோ மனுவின் பேரிலோ அடுத்தவரை நியமிக்கலாம். மனுப் போடுவதே பாதுகாப்பு. அதில் பையனின் பிறந்த தேதி, மதம், வசிப்பிடம், சொத்து விவரமும் தோராய மதிப்பும், இப்போது யாரிடம் இருக்கிறான், நெருங்கிய உறவினர்கள் யார் எங்கே, முன்பு போடப்பட்ட மனுக்கள் எல்லாம் வர வேண்டும். அக்கா பொறுப்பேற்கச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் அத்தாட்சி செய்த அறிக்கை ஒன்றும் இணைக்க வேண்டும். அந்தச் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் வரும் மனு திரும்பிவிடும். தாய்வழி உறவினர்களை விட்டுவிடாதீர்கள். பையனின் தாய்மாமன் பெயர் மனுவில் இல்லாமல், அவர் நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்து வந்து நின்றால் ஆரம்பத்திலிருந்து பேச வேண்டும்.

ஆரணிதான் யோசிக்க வேண்டிய இடம். 1989-க்கு முன்பு அதுவும் இதே வட ஆற்காடு. இன்று திருவண்ணாமலை மாவட்டம், வேலூர் கோர்ட் எல்லைக்கு வெளியே. பையனை அங்கே கொண்டுபோய் வைக்கவே 26-வது பிரிவில் கோர்ட் அனுமதி வேண்டும். வார இறுதியில் அத்தை வீட்டுக்குப் போய் வருவது வேறு, டி.சி. வாங்கி ஆரணிப் பள்ளியில் சேர்ப்பது வேறு. ஆரணியிலிருந்து குடியாத்தம் கடை வாடகையும் கே.வி.குப்பம் குத்தகையும் பார்ப்பதும் சிரமம். 15-வது பிரிவில் பையனைப் பார்த்துக்கொள்ள ஒருவர், சொத்துக்கு இன்னொருவர் என்று தனித்தனிக் கார்டியன் போடலாம். குடியாத்தத்திலேயே நம்பகமான உறவினர், தாய்மாமனாகவே இருந்தாலும், சொத்துக்கு முன்வந்தால் நீதிபதிக்கு மனம் ஒப்பும், அக்காவுக்கும் பாரம் பாதியாகும்.

விலகல் மனுவையும் புது நியமன மனுவையும் ஒரே நாள் விசாரணைக்கு எடுக்கும்படி மெமோ போடுங்கள். நடுவில் யாரும் இல்லாத ஒரு வாரம் கூட வரக் கூடாது. வாடகை வாங்க ஆள் இருக்காது, பள்ளியில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. நாள் நெருங்கி, மனு முடியாமல் நீங்கள் கிளம்ப வேண்டி வந்தால் 12-வது பிரிவில் இடைக்கால ஏற்பாடு கேட்கலாம். அக்காவுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். கார்டியன் பொறுப்பைப் பவர் பத்திரத்தில் கைமாற்ற முடியாது. மஸ்கட் போன பிறகு அபிடவிட் தேவைப்பட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சத்தியப் பிரமாணம் செய்து அனுப்புங்கள்.

மறுத்துவிட்டால்? விடுவிக்க மறுக்கும் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அப்பீல் உண்டு (பிரிவு 47). விடுவித்த உத்தரவை எதிர்ப்பவருக்கு அந்த அப்பீல் கிடையாது.

சேண்பாக்கம்:

அக்கா பெண் என்பதாலும் பையன் குழந்தை என்பதாலும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள். 15100 எண்ணிலும் கேட்கலாம்.

பையனிடம் இப்போதே பேசுங்கள். 13 வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கேட்க வாய்ப்பு அதிகம். சித்தப்பா போகிறார் என்பதே அவனுக்குக் கோர்ட்டில் வந்துதான் தெரியும் என்றால் அங்கே என்ன சொல்வான் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி மாறுவது, நண்பர்கள், இங்கே வீட்டில் அவன் சாமான்கள் எல்லாம் அவனுக்குப் பெரிய விஷயம்.

குடியாத்தத்துக்காரன்:

தாய்மாமனிடம் பேசிவிட்டேன். சொத்தை அவர் பார்த்துக்கொள்ளச் சம்மதம், பையன் அத்தையிடம். பாண்டுக்கு எனக்கு ஜாமீன் நின்றவர் "என்னை எப்போது விடுவிப்பார்கள்" என்று கேட்கிறார். உத்தரவு வந்ததும் வங்கிக்கு என்ன கொடுக்க வேண்டும்?

சத்துவாச்சாரி வக்கீல்:

ஜாமீன்தாரரின் பொறுப்பு நீங்கள் பதவி விலகிய நாளோடு முடியாது. உங்கள் காலத்துக் கணக்குக்கு அவர் ஜாமீன். அதனால் 41(4) அறிவிப்புக் கேட்கும் இடத்திலேயே "பாண்டு ரத்து செய்து ஜாமீன்தாரரை விடுவிக்க" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அசல் ஆவணம் ஏதாவது கோர்ட்டில் ஒப்படைத்திருந்தால் அதைத் திரும்பப் பெறவும் அதே மனுவில் கேளுங்கள், இல்லாவிட்டால் தனி மனுவாகும். தாய்மாமன் புதுப் பாண்டு கொடுத்த பிறகு இது சுலபமாக முடியும்.

கணக்குப்பிள்ளை, காட்பாடி:

வங்கிக்கு மூன்று காகிதம்: உங்களை விடுவித்த உத்தரவின் சான்றிட்ட நகல், தாய்மாமனை நியமித்த உத்தரவின் சான்றிட்ட நகல், அவருடைய கே.ஒய்.சி. நகலுக்கு மனுப் போடும்போது ஒவ்வொன்றிலும் நான்கைந்து பிரதி கேளுங்கள். வங்கி ஒன்று, முன்சீப் கோர்ட் ஒன்று, தாலுகா ஆபீஸ் ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று போய்விடும். உத்தரவில் எஃப்.டி. எண்ணும் கிளைப் பெயரும் இருக்கிறதா என்று வரைவிலேயே பாருங்கள். "வங்கியில் உள்ள தொகை" என்று மட்டும் இருந்தால் கிளை மேலாளர் திருத்தம் வாங்கி வரச் சொல்வார். எஃப்.டி. முதிர்வு தேதி நடுவில் வந்தால் புதுப்பித்தல் பழைய பெயரிலேயே ஓடிவிடும், அதையும் கவனியுங்கள். கடைக்காரர்கள் இருவருக்கும் "இன்ன தேதி முதல் வாடகை இன்னாரிடம்" என்று பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, ஒப்புகையைக் கணக்குக் கட்டோடு வையுங்கள்.